எலி செத்த வாடை

சின்னவன் சாப்பிட்ட கையை எங்கே துடைப்பான் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு வேக்கம் பம்பின் ரப்பர் குழாயில் துடைத்துவைத்திருந்தான். காலையில் அதைக் கையில் எடுத்தவளுக்கு விரலெல்லாம் பிசுக்கென்று ஒட்டியது. குழாயின் வாயில் ஏதோ தின்பண்டத்தின் துணுக்கு காய்ந்து கெட்டியாகியிருந்தது. கார் ஏ.சி.யின் குழாய்களுக்குள் தூசு, ஈரம் எதுவும் போகக் கூடாது என்பதற்காக அவள் மூடி போட்டு, தனி ஆணியில் மாட்டிவைக்கும் குழாய் அது. சோப்பு நுரை விட்டு அதைக் கழுவினாள். கொழுந்தனிடம் சொல்லிப் பலனில்லை. சொன்னால் பல்லைக் காட்டுவான். பல்லிடுக்கில் முந்தின வேளைச் சாப்பாடு தெரியும்.

கார் ஏ.சி. பழுதுபார்ப்பதில் அவள் கை சுத்தம் அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம். பெரிய கம்பெனி ஒன்றில் வேலை பழகி, பிறகு வீட்டு முன்புறத்திலேயே ஷெட் போட்டவள். கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜை, டாக்டர் குழாய் மாதிரி எப்போதும் தோளில் தொங்கவிட்டிருப்பதால் எல்லாருக்கும் அவள் கேஜக்கா. கணவன் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவன். போனால் வாரக் கணக்கில் வரமாட்டான். தம்பிக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லை என்று சொல்லி, போன வருஷம் அவனைக் கொண்டுவந்து ஷெட்டில் விட்டவனும் அவன்தான். சின்னவனுக்கு வேலை வந்ததோ இல்லையோ, வாய் வந்தது. வண்டியோடு வருகிறவர்களைப் பேசிப் பேசியே உருக்கிவிடுவான். அவள் பெரிய வேலை எதிலாவது முனைந்திருக்கும்போது, அவசரமாகக் கேஸ் மட்டும் ஏற்ற வருகிறவர்களை அவனே முற்றத்து ஓரமாக நிறுத்தி, ஏற்றி அனுப்பிவிடுவான். மாமியார் முற்றத்து நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சின்ன மகன் உழைப்பதைக் கண்குளிரப் பார்ப்பாள்.

குழாயைக் கழுவி மாட்டிவிட்டு அவள் திரும்பியபோது ஒரு கார் உள்ளே வந்தது. ஓட்டிவந்தவர் தலை ஜன்னலுக்கு வெளியே இருந்தது. மூக்கில் கைக்குட்டை. கடைவீதியில் தையல் கடை வைத்திருக்கும் பெரியவர்தான்.

"என்னங்க, தலைய வெளிய நீட்டிக்கிட்டு வர்றீங்க?"

"உள்ள வச்சா குடலப் புடுங்குதும்மா. ஏ.சி. போட்டா எலி செத்த வாடை. போன மாசம் கேஸ் ஏத்துனப்பவே சொன்னேன். உங்க கொழுந்தன், பில்டரச் சுத்தம் பண்ணிட்டேன், உள்ள எலி செத்துருக்கும், காஞ்சா சரியாப் போயிரும்னு சொல்லி ஒரு வாசன டப்பாவ ஒட்டி விட்டாரு. இப்ப எலியும் மல்லிப்பூவும் சேந்து அடிக்குது. தனி எலியே தேவலாம்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் கதவைத் திறந்தாள். உள்ளிருந்து வந்த காற்று முகத்தில் அடித்ததும் சிரிப்பு நின்றது. அழுகின முட்டைக்கோஸை வாசனைத் தண்ணீரில் ஊறப்போட்ட மாதிரி ஒரு நாற்றம். இருக்கைத் துணி, மேல்கூரைத் துணி எல்லாவற்றிலும் அது ஏறியிருந்தது. பின் இருக்கையில் ஒரு குழந்தை இருக்கை வார் போட்டுக் கட்டியிருந்தது. அதன் மெத்தையில் பால் சிந்திய கறை.

"பேரப் பிள்ளைக்கு," என்றார் தையற்காரர். "ரெண்டு தடவ இதுக்குள்ள வாந்தி எடுத்துட்டான். மருமக இனி இந்தக் காருல ஏற மாட்டேன்னுட்டா."

எலி செத்திருந்தால் காற்று வரும் வழியில்தான் கிடக்கும். மூக்குக்குத் துணி கட்டிக்கொண்டு, கையுறை மாட்டி, டாஷ்போர்டின் அறைப்பெட்டியைக் கழற்றினாள். பின்னால் இருந்த பில்டரை உருவினாள். அது வந்த கோலத்தைப் பார்த்துத் தையற்காரர் இரண்டடி பின்னால் போனார். வருஷக் கணக்கில் யாரும் தொடாத பில்டர். ஈரச் சருகு, தலைமுடிச் சுருள், பூச்சி இறக்கை, உருகி ஒட்டின ஒரு மிட்டாய், அதன்மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. சின்னவன் சுத்தம் செய்துவிட்டதாகச் சொன்ன பில்டர்தான் இது. கையை உள்ளே விட்டுத் துழாவினாள். விளக்கடித்துப் பார்த்தாள். எலி இல்லை. எலிப் புழுக்கைகூட இல்லை.

"ஒரு தடவ ஏ.சி.யப் போடுங்க."

அவர் போட்டார். காற்று நன்றாகவே குளிர்ந்து வந்தது. அவள் மூக்குத் துணியை இறக்கிவிட்டு, காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். மல்லி வாசனைக்கு அடியில், பூஞ்சைக்கும் அடியில் இருந்ததை அப்போதுதான் தனியாகப் பிரித்தறிந்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்து, குமிழைத் திருப்ப மறந்துவிட்டால் சமையலறையில் வருமே, அதே நாற்றம்.

"சாவியத் திருப்புங்க. ஏ.சி., வண்டி எல்லாம் நிக்கட்டும். வேற எந்தச் சுவிச்சும் தொடாம இறங்குங்க."

"ஏம்மா, எலி கெடச்சுதா?"

"எலி இல்லங்க. இறங்குங்க மொதல்ல."

கார் ஏ.சி.யில் போடும் கேஸுக்குச் சொல்லிக்கொள்ளும்படி வாசனை கிடையாது. நாறுவது சமையல் கேஸ்தான். கசிந்தால் தெரியட்டும் என்பதற்காக அந்த நாற்றத்தை வேண்டுமென்றே அதில் கலக்கிறார்கள். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் எங்கோ ஓட்டை இருக்கிறது. அது வழியாகக் கேஸ் கொஞ்சம் கொஞ்சமாக, கண்ணாடி ஏற்றிய காருக்குள் கசிந்துகொண்டிருக்கிறது. இதையெல்லாம் யோசித்துப் பார்க்க அவளுக்கு நேரம் தேவைப்படவில்லை. தையற்காரரின் சட்டைப் பையில் சிகரெட் பெட்டி புடைத்துக்கொண்டிருந்ததைத்தான் முதலில் பார்த்தாள்.

"வண்டிக்குள்ள பிடிப்பீங்களா?"

"பேரன் இல்லாதப்ப. கண்ணாடிய எறக்கிட்டுத்தான்," என்றார், பள்ளிப் பிள்ளை மாட்டிக்கொண்ட மாதிரி.

கண்ணாடி இறங்கியிருந்ததால்தான் இந்த மனிதர் இங்கே நிற்கிறார். ஷெட்டுக்குள் வெல்டிங் மெஷின் இருந்தது. கியரை நியூட்ரலில் போட்டு, இருவருமாகக் காரைத் தள்ளி முற்றத்து வெயிலில், மாமியார் உட்கார்ந்திருந்த நிழலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான்கு கதவையும் அகலத் திறந்துவைத்தாள். பேட்டரி வயரைக் கழற்றலாமா என்று தையற்காரர் கேட்டார்.

"இப்ப வேண்டாம். கழட்டுறப்ப ஒரு பொறி தெறிச்சாலும் போதும். மொதல்ல காத்தாடட்டும்."

"என்னத்துக்கு வண்டிய என் மூக்குக்கு நேரா கொண்டாந்து நிறுத்துற?" என்றாள் மாமியார், முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு.

"கொஞ்ச நேரம் உள்ள போய் இருங்க அத்தை."

"உள்ள புழுங்குது. நான் எங்கயும் வரல."

காற்றோட்டம் போதும் என்று பட்டதும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு, எந்தக் கேஸ் என்று காட்டும் சிறு கருவியைக் காரின் வால்வில் பொருத்தினாள். கருவி சிவப்பு விளக்கைக் காட்டிக் கீச்சிட்டது. எரியும் கேஸ். அவள் வால்வு மூடியைத் திருகி மூடினாள். மூடிமேல் கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்கு அப்பியிருந்தது. யாருடைய விரல் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்துச் சின்னவன் வந்தான். கையில் காகிதப் பொட்டலம், வாய் நிறையத் தீனி.

"என்ன அண்ணி, அய்யா வண்டிக்கு என்ன?"

"இதுல என்ன கேஸ் போட்ட?"

"கம்பெனி கேஸ்தான்."

"எந்தக் கம்பெனி?"

"புதுசு அண்ணி. ஒரு ஆளு கொண்டாந்து குடுத்தாரு. இப்ப எல்லாரும் அதுதான் போடுறாங்க. சும்மா ஐஸ் மாதிரி குளிரும். நாறாது, எரியாது." சொல்லிவிட்டு உதட்டோரத்து எண்ணெயை நாக்கால் வழித்துக்கொண்டான். பொய் சொல்லும்போதும் தின்பதை நிறுத்தாத வாய்.

"நாறாதா?"

"அது எலி அண்ணி. நான்தான் அப்பவே சொன்னேனே."

"எலி இல்ல. நான் கைய விட்டுப் பாத்துட்டேன். நீ சுத்தம் பண்ணதாச் சொன்ன பில்டரையும் பாத்துட்டேன்."

மாமியார் நாற்காலியில் நிமிர்ந்தாள். "அவன் என்ன செஞ்சாலும் உனக்குக் குத்தம்தான். நாலு பேர் அவனத் தேடி வர்றாங்கல்ல, அது பொறுக்கல உனக்கு. எரியாதுன்னு சொல்றான்ல பிள்ள. விடு."

தையற்காரர் இதுவரை யார் பேசினாலும் அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது பையிலிருந்து ஒரு சிகரெட்டை உருவி உதட்டில் வைத்தார். மற்றொரு கையில் லைட்டர்.

"எரியாதுன்னா சரி தம்பி. காலைலேருந்து ஒண்ணுகூடப் பத்த வைக்கல. இங்கயே நின்னு ஒண்ணு பத்த வச்சுக்கறேன்."

நிஜமாகவே பற்றவைக்கத்தான் எடுத்தாரா, இல்லை அவனை ஆழம் பார்த்தாரா என்று பிறகு அவள் கேட்டபோதும் அவர் சரியாகப் பதில் சொல்லவில்லை. அவள் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் பின்னால் தடதடவென்று சத்தம் கேட்டுத் திரும்பினாள். சின்னவன் ஓடிக்கொண்டிருந்தான். பொட்டலம் கீழே, ஒரு செருப்பு இங்கே, இன்னொன்று வாசலில். தெருவைத் தாண்டி, எதிர்வீட்டு மதிலுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டு, காதிரண்டையும் பொத்திக்கொண்டான்.

கார் நின்ற இடத்துக்கும் மாமியாரின் நாற்காலிக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் அளவு இடம்தான் இருந்தது. முட்டிவலிக்காரி. யாராவது கை கொடுத்தால்தான் எழுந்திருப்பாள். அவள் நாற்காலியின் கையைப் பிடித்தபடி மதிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதிலுக்கு மேலே மகனின் உச்சந்தலை மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அது மெல்ல உயர்ந்தது. கண் தெரிந்தது. ஒன்றும் வெடிக்கவில்லை என்று தெரிந்ததும் பல் தெரிந்தது.

"நான் இங்க உக்காந்திருக்கேன்ல," என்றாள் மாமியார். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

அவள் தையற்காரரின் கையிலிருந்து லைட்டரை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு, மாமியாரைக் கைத்தாங்கலாக எழுப்பி, மெல்ல நடத்தி ஷெட்டைத் தாண்டி வீட்டுக்குள் கூட்டிப்போனாள். கட்டில்வரை வந்ததும் மாமியார் உட்காரவில்லை.

"கட்டிலுக்கு அடியில பாரு."

பழைய போர்வை போட்டு மூடியிருந்தது. தூக்கினால், இரண்டு சமையல் கேஸ் சிலிண்டர்கள். ஒன்றின் வாயில் கார் வால்வுக்கான இணைப்பை ஒட்டுநாடா சுற்றிச் செருகியிருந்தது. எடை பார்க்கும் தராசு கிடையாது, அழுத்தம் பார்க்கும் கேஜ் கிடையாது. குழாய் குளிர்கிறதா என்று தொட்டுப் பார்த்தே ஏற்றியிருக்கிறான். ஒட்டுநாடாவின்மேல் முடியும் தூசும் அப்பி, ரத்தம் கட்டின புண்ணின் பிளாஸ்திரி மாதிரி இருந்தது. இரண்டடி தள்ளிச் சுவரில் வெந்நீர் ஹீட்டரின் சுவிட்ச்.

"சமையலுக்கு வாங்கி வச்சிருக்கேன், அண்ணிக்குத் தெரிய வேண்டாம், திடீர்னு தீந்தா உதவும்னு சொன்னான்," என்றாள் மாமியார். "சாக்குல சுத்தி அப்பப்ப வெளிய தூக்கிட்டுப் போவான், ஏன்னு நான் கேட்டதில்ல. நான் அதுமேலதான் படுத்துக் கெடக்கேன்."

சிலிண்டர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி முற்றத்து மூலைக்குக் கொண்டுபோனாள். அதற்குள் சின்னவன் திரும்பி வந்திருந்தான். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மண்ணில் விழுந்த பொட்டலத்தையும் எடுத்து ஊதித் தின்றுகொண்டிருந்தான்.

"எத்தன வண்டிக்கு இதப் போட்ட?"

"ஞாபகம் இல்ல அண்ணி."

"குழந்தைங்க போற வண்டி எதாவது?"

"ஒண்ணு ரெண்டு இருக்கும்." தோளைக் குலுக்கினான். "இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலையே. ஏன் பெருசு பண்றீங்க? அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

ஞாபகம் இல்லை என்று அவன் சொன்ன விதம்தான் அவளை உலுக்கியது. நேற்றுத் தின்றது என்ன என்று கேட்டால் வரிசையாகச் சொல்லுவான். அவன் கண் முன்னாலேயே போனை எடுத்துக் கணவனை அழைத்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

"சரி, அவன்கிட்ட நான் பேசிக்கறேன்," என்றான் கணவன். "இப்போதைக்கு விஷயத்த வெளிய விட வேண்டாம். வீட்டுக்குள்ளயே பேசித் தீத்துக்கலாம்."

அந்தக் குரலிலும் அதே வழவழப்பு இருந்ததை அவள் அன்றுதான் கவனித்தாள். ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

"நீங்க வாங்க. அந்தக் காருல கண்ணாடிய ஏத்திவிட்டு, உங்க தம்பியும் நீங்களும் உள்ள உக்காந்து பேசித் தீத்துக்குங்க. நான் வெளிய நிக்கிறேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அன்றைக்கே வாசலில் ஒரு பலகை வைத்தாள். இந்தக் கோடையில் இங்கே கேஸ் ஏற்றியவர்கள் ஏ.சி. போட வேண்டாம், காருக்குள் புகைக்க வேண்டாம், உடனே வரவும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். தன் போனில் எண் இருந்த அத்தனை பேரையும் கூப்பிட்டுச் சொன்னாள். சின்னவனின் போனைப் பிடுங்கி, அதில் இருந்த எண்களையும் கூப்பிட்டாள். போக்குவரத்து ஆய்வு அலுவலகத்துக்குத் தானே போய் நடந்ததைச் சொன்னாள். அவர்கள் வந்து சிலிண்டர்களை எடுத்துக்கொண்டார்கள். சின்னவனை அழைத்து விசாரித்தார்கள். விசாரணை முடியும்வரை அவளும் புது வேலை எதையும் எடுக்கக் கூடாது, கெட்ட கேஸை அகற்றும் வேலை மட்டும் நடக்கலாம் என்றார்கள். அவள் சரி என்றாள். அவளுடைய பெயர் போட்ட ஷெட். வேறு யாரைப் போய்ச் சொல்ல?

வண்டிகள் வரத் தொடங்கின. கலப்படக் கேஸைத் தன் மெஷினில் இழுக்க அவள் சம்மதிக்கவில்லை. அந்த மெஷின் மோட்டாரில் பொறி பறக்கும், தவிர, உள்ளே இருக்கும் நல்ல கேஸும் கெட்டுப்போகும். பொறி வராத பம்போடு, கெட்ட கேஸை எடுத்துப்போவதையே தொழிலாக வைத்திருக்கும் ஆட்களை வரவழைத்தாள். அவர்கள் முற்றத்து நடுவில் ஒவ்வொரு காராக நிறுத்திக் கேஸை இழுத்தார்கள். பிறகு அவள் குழாய்களை அலசி, கசிவு இருக்கிறதா என்று நைட்ரஜன் ஏற்றிப் பார்த்து, வேக்கம் பம்பால் உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து, தராசில் நிறுத்து நல்ல கேஸ் ஏற்றினாள். பழைய எண்ணெய் கறுத்துக் குழம்பாக வந்தது. அதன் நாற்றம் சோப்புக்கும் எலுமிச்சைக்கும் மசியவில்லை. சாப்பாட்டில் கை வைத்தால் விரலிலிருந்து அதுதான் முதலில் வந்தது. சில நாட்கள் கரண்டியால் சாப்பிட்டாள்.

வந்தவர்கள் திட்டினார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர் திட்டவில்லை, அவள் சொன்னதைக் கேட்டதும் படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஓர் அம்மாள் சின்னவனின் முகத்துக்கு நேரே, "நீ சாப்பிட்ற சோத்துல இத ஊத்தித் தின்னுவியா?" என்று கேட்டாள். அவன் அதற்கும் பல்லைக் காட்டினான்.

தையற்காரரின் காருக்குக் கூலிங் காயிலையே மாற்ற வேண்டியிருந்தது. டாஷ்போர்டு முழுவதையும் பிரித்து, அவள் வேலை முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு சந்தேகம்மா. இத்தன வருஷ அனுபவத்துல, எவ்வளவு ஊத்தணும்னு கையால தொட்டே தெரியாதா? தராசெல்லாம் வேணுமா?"

"நீங்க ஆளப் பாத்தே சட்டைக்கு வெட்டிருவீங்களா?"

அவர் யோசித்தார். "எனக்குப் பிடிக்காத ஆளா இருந்தா வெட்டுவேன்."

பல நாளைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

சின்னவனுக்கு வீட்டில் சாப்பாடு போட மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை. சொன்னது மாமியார். ஒரு மாலை அவன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து நின்றபோது, கிழவி தட்டை வாங்கிக் கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். அவன் கொஞ்ச நேரம் அடுப்பங்கரை வாசலில் நின்றான். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். போகிற போக்கில், கைப்பிடிச் சுவரில் காய்ந்துகொண்டிருந்த அவளுடைய துண்டில் மூக்கைத் துடைத்துவிட்டுப் போனான். அவள் அந்தத் துண்டைக் குச்சியால் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

லாரியிலிருந்து வந்த கணவன், அம்மாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து முற்றத்தில் வெகுநேரம் நின்றான். தம்பியைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இரவு அவன் தொட வந்தபோது, கையிலிருந்து நாற்றம் போகவில்லை என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அது பாதிதான் உண்மை.

அலுவலகத்தில் சின்னவனுக்கு அபராதம் போட்டு, எச்சரித்து விட்டுவிட்டார்கள். சின்னவன் கடைவீதியில் வேறொரு ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. அவள் நேரில் போய் அந்த ஷெட்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, "பையன் நல்லாப் பேசுறான்மா, கூட்டம் வருது," என்றார். அங்கிருந்து நேராக ஆய்வு அலுவலகத்துக்குப் போய் அந்த ஷெட்டின் முகவரியையும் கொடுத்துவிட்டு வந்தாள். கொழுந்தனைக் காட்டிக்கொடுத்தவள் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

கடைசியாக வந்த வண்டி ஒரு வெள்ளைக் கார். பலகையைப் பார்த்தும் பலமுறை போன் செய்தும் வராமல் இழுத்தடித்தவர், ஒரு மத்தியானம் சலித்துக்கொண்டே வந்தார். துணி வியாபாரி. கேஸை எடுத்து, அலசி, நிறுத்து ஏற்றிச் சாவியைக் கொடுத்தாள். அவர் உள்ளே உட்கார்ந்து ஏ.சி.யைப் போட்டு, துவாரத்துக்கு முன்னால் கையை வைத்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார்.

"முன்னாடி இதவிட ஜில்லுன்னு இருந்துச்சு. அந்தத் தம்பி போட்ட கேஸ்தான் கேஸ். அவர் இப்ப இல்லையா?"

"இல்ல."

"எங்க இருக்காரு?"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பின் இருக்கையில் அவருடைய மகள் ஜன்னலில் மூக்கை அழுத்தி, கண்ணாடியில் ஆவி படிய வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

"தெரியாது," என்றாள். "கண்ணாடிய எறக்கிவிட்டு ஓட்டுங்க. பழைய நாத்தம் போக நாளாகும்."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அவள் குழாயடிக்குப் போய், சோப்பை எடுத்து, முழங்கைவரை மறுபடியும் தேய்க்க ஆரம்பித்தாள்.